உடல் எடைக்கு ஆபரேஷன்: ஈப்போவா, பினாங்கா, சென்னையா?

சென்னையில் செய்தால் பாதி விலை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எடை குறைக்கும் ஆபரேஷன் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். சொல்பவர் பெரும்பாலும் தானே செய்துகொண்டவராக இருக்க மாட்டார், அவருடைய மச்சானின் முதலாளியோ யாரோ போய் வந்திருப்பார். அந்தக் கணக்கு முழுப் பொய்யும் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரி பில்லை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு.

என் சின்னம்மா மகளுக்காக இந்த விஷயத்தைத் தோண்டித் துருவ வேண்டி வந்தது. வயது 38, உயரம் 162 சென்டிமீட்டர், எடை 118 கிலோ, சர்க்கரைக்கு மாத்திரை, ராத்திரி குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது. அவள் முன்னால் நாலு வழி இருந்தது: அரசாங்க ஆஸ்பத்திரி, இங்கேயே தனியார், தமிழ்நாடு, தாய்லாந்து. நான் எதை வைத்து எடைபோட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் ராத்திரி வயிறு வலித்தால் யாரிடம் ஓடுவீர்கள்? அதற்குப் பதில் இருக்கிற வழிதான் எனக்கு நல்ல வழி, விலை அதற்கு அடுத்துத்தான்.

ஆபரேஷன் தேவையா என்பதைப் பார்க்க எல்லா டாக்டரும் தொடங்குவது பி.எம்.ஐ. கணக்கில். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும், எங்கள் பிள்ளைக்கு 45 வந்தது. 1991இல் அமெரிக்காவில் போட்ட பழைய விதி 40க்கு மேல், இல்லாவிட்டால் நோயோடு சேர்ந்து 35க்கு மேல் என்றது. 2022இல் இந்த ஆபரேஷன் செய்யும் சர்ஜன்களின் அமெரிக்கச் சங்கமும் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து அதைத் தளர்த்தி, 35க்கு மேல் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, 30க்கு மேல் சர்க்கரை போன்ற நோய் இருந்தால் யோசிக்கலாம், ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நம் உடம்பில் கொழுப்பு சேரும் இடமும் சர்க்கரை வரும் வேகமும் அப்படி. 2023 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது பருமன், 15.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை. இரண்டிலும் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம், பால்மரம் வெட்டிய தலைமுறை நடந்த நடையில் கால்வாசிகூட நாம் நடப்பதில்லை, தே தாரிக் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் 27.5 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு “உங்களுக்கும் செய்யலாம், வாங்க” என்று கூப்பிடும் ஏஜென்ட்டுகளும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் பத்து கிலோ இறக்க வேண்டும் என்றால் இது அதற்கான ஆபரேஷன் இல்லை.

விலை கேட்பதற்கு முன் எந்த ஆபரேஷன் என்று தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு இடத்தில் ஸ்லீவுக்கும் இன்னொரு இடத்தில் பைபாஸுக்கும் விலை வாங்கி வைத்துக்கொண்டு எது மலிவு என்று பார்த்துக்கொண்டிருப்போம். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி விடுவது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுக்கும் பகுதியில்தான் சுரக்கிறது, அதனால் சாப்பிடும் அளவு மட்டும் இல்லாமல் பசியே குறைகிறது. இதன் பெரிய குறை நெஞ்செரிச்சல், ஏற்கெனவே புளிச்ச ஏப்பம் உள்ளவர்களுக்கு அது மோசமாகலாம். பைபாஸில் இரைப்பையின் மேல் பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை நேராக அதில் இணைத்துவிடுகிறார்கள். நெஞ்செரிச்சலுக்கும் நாள்பட்ட சர்க்கரைக்கும் இது பொதுவாக மேல். பதிலுக்கு வைட்டமின் குறைபாடு கூடும், இனிப்பு சாப்பிட்டால் படபடப்பும் வேர்வையும் வரும், இணைத்த இடத்தில் புண் வரலாம். ஒரே இணைப்பு போடும் மினி பைபாஸும் இருக்கிறது, நேரம் குறைவு, ஆனால் பித்தநீர் மேலே ஏறும் தொல்லை சிலருக்கு உண்டு. இரைப்பைக்குள் வைக்கும் பலூன் என்பது ஆபரேஷனே இல்லை, வாய் வழியாக வைத்து ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ எடுத்துவிடுவார்கள், எடுத்த பிறகு எடை ஏறுவது சகஜம். 45 பி.எம்.ஐ.க்கு அது பணத்தை வீணாக்கும் வேலை என்பது என் கருத்து.

எடை குறைக்கும் ஊசி மருந்து பற்றியும் கேட்பீர்கள். செமாகுளுடைடு என்ற ஊசியின் பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது, டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசியில் அதிக அளவு போட்டவர்களுக்கு 72 வாரத்தில் 21 விழுக்காடு. ஸ்லீவ் சராசரியாக நாலில் ஒரு பங்கு எடையை இறக்கும், பைபாஸ் இன்னும் கொஞ்சம் கூட. ஊசியின் சிக்கல், நிறுத்தினால் இறங்கியதில் பெரும்பகுதி திரும்ப ஏறிவிடும், நிறுத்தாமல் போட மாதா மாதம் பணம் வேண்டும். கையில் மாத வருமானம் உறுதியாக உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன் முயற்சி செய்து பார்க்க நல்ல வழிதான், எங்கள் வீட்டுக் கணக்கில் அது நிற்கவில்லை.

இனி நாலு வழிக்கு வருவோம். அரசாங்க ஆஸ்பத்திரியை நம் ஆட்கள் முதல் வரியிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. வழி நீளமானதுதான், கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) கடிதம் வாங்கி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து இந்த ஆபரேஷன் செய்யும் மையத்துக்கு அனுப்புவார்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் யு.கே.எம். பல்கலைக்கழகத்தின் துவாங்கு முரீஸ் மருத்துவமனையிலும் இதற்கான குழுக்கள் உண்டு. பல்கலைக்கழக ஆஸ்பத்திரி கட்டணம் அமைச்சின் ஆஸ்பத்திரிக் கட்டணத்திலிருந்து வேறு, இரைப்பையை வெட்டி ஒட்டும் ஸ்டேப்லர் கருவி மாதிரி ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருள்களுக்கு நோயாளியே பணம் கட்ட வேண்டி வரலாம், அதனால் “இலவசம்” என்று நினைத்துப் போகாமல் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். அப்படியே கட்டினாலும் தனியாரோடு ஒப்பிட முடியாத தொகை.

காத்திருப்புதான் இதன் விலை. மாதக்கணக்கில் போகும், வருடத்தைத் தாண்டவும் செய்யும். அந்தக் காலத்தில் உணவியல் ஆலோசகர், தூக்கப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, மனநல ஆலோசனை என்று ஒவ்வொன்றாக அனுப்புவார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும், லீவு கேட்டு சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளை இதைத்தான் “அண்ணே, இழுத்தடிக்கிறாங்க” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இந்தப் பரிசோதனைகள் எல்லாமே மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை. மூச்சு நின்று வரும் நோயைக் கண்டுபிடிக்காமல் 118 கிலோ ஆளுக்கு மயக்க மருந்து கொடுப்பது விளையாட்டு இல்லை. வாரக்கடைசியில் பார்த்து அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன் என்று சொல்லும் இடத்தைக் கண்டால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உள்நாட்டுத் தனியாருக்கு வருவோம். ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் மூன்றிலும் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, ஸ்லீவுக்குப் பெரும்பாலும் 30,000 வெள்ளி (ரிங்கிட்) அளவில்தான் பேச்சே தொடங்கும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நாம் மலிவு தேடி வெளிநாடு பார்க்கிறோம், சுமத்ராவிலிருந்து இந்தோனேசியர்கள் கூட்டம் கூட்டமாக மருத்துவத்துக்குப் பினாங்குக்கு வருகிறார்கள், அவர்களுக்கு நம் ஊர்தான் வெளிநாடு. தனியார் ஆஸ்பத்திரி பில்லைப் பார்க்கும்போது டாக்டர் கட்டணத்தையும் ஆஸ்பத்திரிக் கட்டணத்தையும் பிரித்துக் கேளுங்கள். டாக்டர் வாங்கக்கூடிய உச்சத் தொகையை தனியார் ஆஸ்பத்திரிகளுக்கான 2006ஆம் ஆண்டு விதிகளின் 13ஆம் அட்டவணை கட்டுப்படுத்துகிறது. ஆனால் வார்டு, மருந்து, ஸ்டேப்லர், ஆபரேஷன் அறைப் பொருள் என்று ஆஸ்பத்திரி போடும் கணக்கு அந்த உச்சவரம்புக்குள் வராது, பில் ஊதுவது அங்கேதான். பேக்கேஜ் விலை தருகிறேன் என்பவரிடம், கூடுதலாக ஒரு நாள் ஐ.சி.யு.வில் இருக்க நேர்ந்தால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் மெடிக்கல் கார்டு இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள், எடை குறைக்கும் சிகிச்சையை விலக்கி வைத்திருக்கும் கார்டுகளே அதிகம். பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்துவிட்டு ஏஜென்ட்டிடமும் எழுத்தில் கேளுங்கள்.

தமிழ்நாடு. இதற்குத்தான் நிறைய சொல்ல வேண்டும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சின்னத் துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி ஆபரேஷனில் உலகத் தரத்தில் கை பழகியவர்கள் இருக்கிறார்கள், சந்தேகமே வேண்டாம், இங்கே பலர் ஒரு வருடத்தில் பார்க்கும் கேஸை அங்கே சிலர் இரண்டு மாதத்தில் பார்த்துவிடுவார்கள். மொழியும் பெரிய வசதி. சம்மதக் கையெழுத்து போடுமுன் ஒவ்வொரு அபாயத்தையும் தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே பயந்து, தமிழிலேயே முடிவெடுக்கலாம். (பேராக்கில் தமிழ் பேசும் டாக்டருக்குப் பஞ்சமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) போக்குவரத்தும் முன்பு போல் இல்லை, 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் தொடங்கியது.

கணக்கு இப்படிப் போகிறது. நல்ல ஆஸ்பத்திரியில் ஸ்லீவுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், வெள்ளிக்கு 20 ரூபாய் என்று போட்டால் 17,500 வெள்ளி. தனியாகப் போக முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும். இரண்டு பேர் டிக்கெட், மருத்துவ விசா, துணைக்கு வருபவர் விசா, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வாரம் ரூம், சாப்பாடு, டாக்சி, இரண்டு பேருடைய சம்பள இழப்பு எல்லாம் சேர்த்தால் இன்னொரு 6,000 வெள்ளியாவது வரும். ஆக 23,500 வெள்ளி. இங்கே 35,000 என்றால் மிச்சம் 11,500 வெள்ளி. பாதி விலை என்ற பேச்சு மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. ஆனாலும் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கு அது ஆறேழு மாத உழைப்பு. இதைச் சும்மா “பணத்தைப் பார்க்காதீங்க” என்று ஒதுக்கித் தள்ளும் ஆள் நான் இல்லை.

விசாவில் ஒன்று கவனியுங்கள், சுற்றுலா விசாவில் போய் ஆபரேஷன் செய்துகொள்வது பிறகு தலைவலி. இந்தியாவின் இ-மெடிக்கல் விசா 60 நாளுக்கு, மூன்று முறை உள்ளே போய் வரலாம், அதோடு துணைக்கு இருவர் வரை தனி விசா எடுக்கலாம். அப்புறம் கோயில் சுற்றுவதை ஆபரேஷனுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டு பழனி மலையேற முடியாது.

சிக்கல் எப்போது வரும் என்பதில்தான் தமிழ்நாட்டுக் கணக்கு ஆட்டம் காண்கிறது. இந்த ஆபரேஷனில் உயிர் போகும் அபாயம் குறைவு, நல்ல மையங்களில் ஆயிரத்தில் ஒருவர் அளவில் இருக்கும், பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடும் அளவுதான். பயப்பட வேண்டியது கசிவு. ஸ்டேப்லர் போட்ட வரிசையில் எங்காவது ஒரு இடம் சரியாக ஒட்டாமல் இரைப்பையிலிருப்பது வயிற்றுக்குள் கசியத் தொடங்கும். நூறில் ஒருவரை ஒட்டித்தான் இது நடக்கிறது, ஆனால் நடந்தால் ஆபரேஷன் மேசையில் தெரியாது, பல நேரம் முதல் இரண்டு வாரத்துக்குள் எப்போதாவது தெரியும், அதற்குப் பிறகும் வரலாம். நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், இடது தோளில் வலி, காரணமில்லாத பதற்றம். மூன்றாம் நாள் வார்டிலிருந்து விட்டுவிடுவார்கள், ஐந்தாம் நாள் விமானம் ஏறினால் பத்தாம் நாள் நீங்கள் சுங்கை சிப்புட்டில் இருப்பீர்கள், டாக்டர் சென்னையில் இருப்பார். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது இன்னொரு அபாயம், பருமனும் ஆபரேஷனும் விமான இருக்கையும் மூன்றுமே அதைக் கூட்டும்.

“அப்படி வந்தால் ஜி.எச்.சுக்கு, அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு, போக வேண்டியதுதானே?” என்பார்கள். ஆமாம், போகலாம், நம் அரசாங்க ஆஸ்பத்திரி குடிமகனைத் திருப்பி அனுப்பாது, வெளிநாட்டில் செய்துகொண்டு வந்தாய் என்று திட்டினாலும் படுக்கை கொடுப்பார்கள். ஆனால் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஈப்போவுக்கு அனுப்ப வேண்டும், அங்கே ஸ்கேன் எடுக்க வேண்டும், உள்ளே என்ன வெட்டி எங்கே இணைத்திருக்கிறது என்பது அங்குள்ளவருக்குத் தெரியாது. செய்தவர் ஒரு மணி நேரத்தில் எடுக்கும் முடிவுக்கு அவர்களுக்கு அரை நாள் ஆகும். கசிவில் அரை நாள் பெரிய விஷயம்.

வெளிநாட்டில் நடந்ததை வெளிநாட்டோடு விட்டுவிட்டு வர முடியாது என்பதற்கு மற்ற நாடுகளில் சாட்சி இருக்கிறது. மெக்சிகோவின் டிஹுவானாவில் எடை ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பிய அமெரிக்கர்களுக்கு எந்த மருந்துக்கும் லேசில் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமித் தொற்று இருந்ததை 2019இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரித்தது. 2023இல் துருக்கியில் எடை குறைய இரைப்பையில் போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு ஐரோப்பா திரும்பியவர்கள் பலருக்கு பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வந்தது. துருக்கி விளம்பரம் இப்போது நம் ஆட்களின் போனுக்கும் வருகிறது, எங்கள் பட்டியலில் அதற்கு இடமே தரவில்லை.

தாய்லாந்தை நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஹாட்யாய்க்கு ரயிலில் போய்விடலாம், பாங்காக்கில் நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, ஆனால் பாத்தில் வரும் விலையை வெள்ளிக்கு மாற்றினால் கோலாலம்பூர் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மொழியும் தெரியாமல் விலையும் குறையாமல் ஏன் போக வேண்டும்?

சரி, ஊர் எதுவானாலும் சர்ஜனை எப்படித் தேர்ந்தெடுப்பது. யூடியூபில் அழகாகப் பேசுகிறார் என்பது ஒரு தகுதி இல்லை. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் ஒன்றில் இந்த ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் இறந்துபோனார், தமிழக அரசு விசாரணை நடத்தி அந்த ஆஸ்பத்திரியின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு நான் கேட்கும் முதல் கேள்வி டாக்டரைப் பற்றியதாக இல்லை. அந்தக் கட்டடத்திலேயே முழு வசதியுள்ள ஐ.சி.யு. இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து நிபுணர் உள்ளே இருப்பாரா, சி.டி. ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் எந்த நேரமும் நடக்குமா? ஆம்புலன்ஸில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டிய நிலை இருந்தால் சர்ஜன் எவ்வளவு பெரிய ஆளானாலும் அங்கே வேண்டாம். ஒரே சர்ஜன் இரண்டு மூன்று ஆஸ்பத்திரியில் செய்வார், “இந்த இடத்தில் செய்தால் இவ்வளவு, அந்தச் சின்ன இடத்தில் பாதி” என்பார். குறைகிற பாதி எதிலிருந்து குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

பதிவைச் சரிபார்ப்பது சுலபம். மலேசியாவில் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டிலும் தேசிய நிபுணர் பதிவேட்டிலும் பெயர் போட்டுப் பார்க்கலாம், வெறும் எம்.பி.பி.எஸ். முடித்து “ஸ்லிம்மிங் டாக்டர்” என்று பலகை மாட்டியவர்கள் அங்கேயே கழன்றுவிடுவார்கள். இந்தியாவில் மாநில மருத்துவ மன்றப் பதிவு, பருமன் ஆபரேஷன் சர்ஜன்களின் ஓ.எஸ்.எஸ்.ஐ. சங்க உறுப்பினரா என்பது, ஆஸ்பத்திரிக்கு என்.ஏ.பி.எச். அல்லது ஜே.சி.ஐ. தர அங்கீகாரம் உண்டா என்பது. இங்கே அதற்கு இணையாக எம்.எஸ்.கியூ.எச். பாருங்கள். இதெல்லாம் வாசல்படி மட்டும்தான், நல்லவரா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது.

அதற்கு நேரில் கேட்க வேண்டும், கேட்கக் கூச்சப்படக் கூடாது. தோட்டத்தில் மருந்து கொடுத்த டிரெஸர் காலத்திலிருந்து டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். வருடத்துக்கு எத்தனை எடை ஆபரேஷன் செய்கிறீர்கள், மொத்த ஆயுளில் எத்தனை என்பதைவிட இந்த வருடக் கணக்கு முக்கியம். அமெரிக்காவில் ஒரு மையத்துக்கு முழு அங்கீகாரம் கிடைக்க வருடத்துக்கு 50 ஆவது செய்திருக்க வேண்டும், அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் கையில் எத்தனை கசிவு வந்தது, வந்தபோது என்ன செய்தீர்கள்? “எனக்குக் கசிவே வந்ததில்லை” என்றால் குறைவாகச் செய்தவர், இல்லாவிட்டால் கணக்கு வைக்காதவர். “வந்தது, இப்படிச் சமாளித்தோம், ஒருவரை இவ்வளவு நாள் ஐ.சி.யு.வில் வைத்தோம்” என்று சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருகிறது. எனக்கு ஏன் ஸ்லீவ், ஏன் பைபாஸ் இல்லை என்று கேளுங்கள், நெஞ்செரிச்சல் பற்றியும் சர்க்கரை எத்தனை வருடம் என்பதையும் கேட்காமலே ஸ்லீவ் என்று முடிவு செய்பவர் தனக்குப் பழகியதை விற்கிறார். கத்தி பிடிப்பது நீங்களா, உங்கள் ஜூனியரா என்பதையும் நேராகவே கேட்கலாம், பேர் பெற்ற இடங்களில் இது நியாயமான கேள்வி.

வெளிநாட்டு சர்ஜன் என்றால் இன்னும் இரண்டு கேள்வி. எத்தனை நாள் ஊரிலேயே தங்கச் சொல்கிறார்? இரண்டு வாரம் என்றால் நிதானமானவர், “அஞ்சு நாளில் பறக்கலாம்” என்று டிக்கெட்டுக்கு ஏற்ற பதில் சொன்னால் யோசியுங்கள். இரண்டாவது, ஆபரேஷன் குறிப்பு, எந்த ஸ்டேப்லர், எவ்வளவு நீளக் குடல் விட்டார், டிஸ்சார்ஜ் அறிக்கை எல்லாவற்றையும் எழுத்தில் தருவாரா. அதை வாங்கிக்கொண்டு இங்கே ஒரு சர்ஜனிடம் போகும் முன்பே பேசி வைக்க வேண்டும். போவதற்கு முன் என்று அழுத்திச் சொல்கிறேன், வந்த பிறகு தேடினால் பலர் கை வைக்க மாட்டார்கள். இடையில் ஏஜென்ட் இருந்தால் அவர் கமிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது, அவர் நல்லவராகவே இருந்தாலும் அவர் சொல்லும் ஆஸ்பத்திரி பெயரை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய வருடங்கள் எந்த வழியில் போனாலும் நம் ஊரில்தான் கழியும். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே குறைக்க வேண்டி வரும், பழைய கார்டைப் பார்த்துப் பழைய அளவையே கிளினிக் கெசிஹாத்தானில் எழுதிக் கொடுத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். அங்கே போய் முதலிலேயே சொல்லி வையுங்கள். மாதவிடாய் வலிக்கும் பல்வலிக்கும் நாம் தண்ணீர் மாதிரி விழுங்கும் போன்ஸ்தான் வகை வலி மாத்திரை, பைபாஸ் செய்தவர்களுக்குப் புண் உண்டாக்கும், எந்த கிளினிக்கில் உட்கார்ந்தாலும் முதல் வார்த்தையாக ஆபரேஷனைச் சொல்ல வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுசுக்கும், வருடா வருடம் ரத்தப் பரிசோதனை. விடாமல் வாந்தி வந்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள், பி1 குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும். மூன்றாம் நாலாம் மாதத்தில் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். குழந்தை பெற நினைப்பவர்கள் ஒன்றரை வருடம் தள்ளிப் போட வேண்டும். சாராயம் சீக்கிரம் ஏறும், சம்சு பழக்கம் உள்ள ஆண்களுக்கு இதை வீட்டில் யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும், முன்பு இல்லாத குடிப்பழக்கம் ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவர்களும் உண்டு.

சாப்பாடு முதல் இரண்டு வாரம் திரவம், பிறகு மசித்தது, பிறகு மெதுவாக மற்றது. ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், நம் தட்டில் சோறுதான் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, முட்டையும் மீனும் ஓரத்தில். அதை மாற்றுவதற்கு டாக்டர் தேவையில்லை, வீட்டில் சமைப்பவரின் ஒத்துழைப்பு வேண்டும். பத்தியம் என்ற பெயரில் மாமியார் தரும் அரிசிக் கஞ்சியில் அந்தப் புரதம் கிடைக்காது.

பணம் எங்கிருந்து என்பதற்கு இரண்டு வரி. 2024 மே மாதத்திலிருந்து இ.பி.எஃப். சேமநிதியில் பிரித்த ஃபிளெக்சிபிள் கணக்கிலிருந்து காரணம் சொல்லாமல் எடுக்கலாம், மருத்துவக் காரணத்துக்கு வேறு கணக்கில் கை வைக்க முடியுமா என்பதை கவுண்டரில் கடிதத்தோடு கேளுங்கள். கூத்து என்கிற சீட்டுப் பணத்தை நம்பித் தேதி குறிக்க வேண்டாம், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கூத்து நடத்துவதே குற்றம், யாராவது ஓடிப்போனால் போலீசிலும் சொல்ல முடியாமல் முழிப்பீர்கள். உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

எங்கள் பிள்ளைக்கு நாங்கள் போட்ட வரிசை இது: முதலில் அரசாங்கம், ஏனென்றால் அவளுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, வயது 38தான், ஒரு வருடம் காத்திருக்கலாம், அந்த ஒரு வருடத்தில் தூக்கப் பரிசோதனையும் எண்டோஸ்கோபியும் எப்படியும் முடிந்துவிடும். இரண்டாவது பினாங்கு, விலையை எழுத்தில் கேட்டிருக்கிறோம், ஐ.சி.யு. நாளுக்கான தொகையோடு. கோயம்புத்தூர் மூன்றாவது. அங்கே ஒரு சர்ஜனிடம் வீடியோவில் பேசினாள், அவர் நெஞ்செரிச்சலைப் பற்றித்தான் முதலில் கேட்டார், கசிவு பற்றிய கேள்விக்கும் மழுப்பாமல் பதில் சொன்னார். ஆனால் ஈப்போவில் ஒரு சர்ஜன், ஆபரேஷன் குறிப்பு கொண்டுவந்தால் தொடர்ந்து பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டால் மட்டுமே அந்த வழி. கேட்ட முதல் டாக்டர் முடியாது என்றார். இரண்டாவது டாக்டரை அடுத்த வாரம் பார்க்கிறோம்.